மாமா சொன்ன ‘போ’

மாமாவுக்கு நாற்பத்துநாலு வயது. அந்தப் பகல்நேர மையத்துக்கு வந்துபோகிற முப்பது பேருக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும், மாடியறையில் உட்கார்ந்திருக்கும் மேனேஜருக்கும்கூட அவர் மாமாதான். பல வருஷங்களுக்கு முன் அவருடைய அக்கா மகள் பள்ளிக்கூடப் பையோடு தினமும் சாயங்காலம் வாசலில் வந்து நின்று “மாமா!” என்று கத்துவாள். அதில் ஒட்டிக்கொண்ட உறவு அது. அந்தப் பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். உறவை மட்டும் மையத்தில் விட்டுவிட்டுப் போனாள்.

மாமா தங்கமான மனுஷர். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு, பேச்சு நாலைந்து சொல்லோடு சரி. ஆனால் துண்டு மடிக்கக் கொடுத்தால் கடைக்காரன் தோற்கும்படி மடிப்பார். பாட்டு வைத்தால் தோளைக் குலுக்குவார். அவரிடம் இருந்த ஒரே சங்கடம், கீழே கிடப்பதை எடுத்து விழுங்குவது. பட்டன், வாஷர், பேனா மூடி, சாக்பீஸ் துண்டு, ஒருமுறை யாருடையதோ காது மெஷினின் பாட்டரி. சாப்பிடக்கூடாததைச் சாப்பிடும் இந்தப் பழக்கத்துக்கு டாக்டர்கள் பைக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மையத்து ஆயா வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

இரண்டு முறை அவர் வயிற்றைத் திறந்து எடுத்தாகிவிட்டது. இரண்டாவது தடவை முடிந்ததும் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே அக்காவிடம், “மூணாவது தடவை தெறந்தா பொழைப்பார்னு என்னால சொல்ல முடியாதும்மா” என்றார். அக்கா அன்றைக்கு அழவில்லை. வீட்டுக்குப் போய் வீட்டிலிருந்த எல்லாத் துணியிலிருந்தும் பட்டனையும் கொக்கியையும் வெட்டி எறிந்துவிட்டு நாடா தைத்தாள். தொழில் தையல். வீட்டில் இருந்த மெஷினைத் தோழியின் கடைக்கு அனுப்பிவிட்டு, அங்கே போய்த் தைக்க ஆரம்பித்தாள். வேலை முடிந்து கிளம்புமுன் கடை வாசலில் நின்று புடவையை மூன்று முறை உதறுவாள். ஒரு குண்டூசி ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிடக்கூடாதே என்ற பயம்.

வீட்டை அப்படித் துடைத்து வைக்கலாம். முப்பது பேர் வந்துபோகிற மையத்தை எப்படித் துடைப்பது? ஆகவே மையத்தை நடத்தும் கமிட்டி கூடி ஒரு முடிவுக்கு வந்தது. தலைக்கு ஒரு தொப்பி, முகத்துக்கு முன்னால் கம்பி வலை, பின்னால் பூட்டு. விழித்திருக்கும் நேரமெல்லாம் அது தலையில் இருக்கும், சாவி ஆயாவிடம். மாதிரிக்கு ஒன்று வந்தும்விட்டது. அக்கா அதை மேனேஜரிடம் கேட்டு வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கழற்றியபோது மூக்கு நுனியில் வலையின் தடம் பதிந்திருந்தது. “எனக்கு மூணு மாசம் குடுங்க” என்றாள். என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்த மூன்று மாதத்துக்காகத்தான் டீச்சர் வந்தாள்.

அவள் பாடம் சொல்லித்தரும் டீச்சர் இல்லை, நடத்தைப் பயிற்சி தருகிறவள். ஒருவர் ஒரு காரியத்தை ஏன் செய்கிறார், அதற்குமுன் என்ன நடந்தது, அதனால் அவருக்கு என்ன கிடைத்தது என்று தோண்டித் துருவிப் பார்த்து, அதற்குப் பதிலாக வேறொன்றைப் பழக்குவது அவள் வேலை. கேள்வி கேட்காமல் அவளால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. வந்த முதல் நாளே ஆயாவிடம் எழுபது கேள்வி கேட்டாள். மாமா பக்கத்தில் இருப்பவர்கள் நாள் முழுக்க “துப்பு! துப்பு!” என்று கத்துவதும், இவள் நோட்டும் கையுமாகத் துப்பு தேடி அலைவதும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. இரண்டாம் நாளே அவளுக்குத் துப்பு டீச்சர் என்று பெயர் விழுந்துவிட்டது.

நிஜப் பட்டனைத் தரையில் போட்டு ஆராய முடியாது. அதனால் டீச்சர் வீட்டுச் சமையலறையில் மாவு பிசைந்து பொய்ப் பட்டன், பொய் வாஷர், பொய் ஸ்க்ரூ எல்லாம் செய்தாள். நிறம் சேர்த்துச் சுட்டு எடுத்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அசல் இரும்புச் சாமான்தான். அவள் வீட்டுக்காரர் மேஜையில் கிடந்த ஒரு வாஷரை அசல் என்று நினைத்து எடுத்துப்போய் ஒழுகும் குழாயில் மாட்டி, அது தண்ணீரில் ஊறிக் கரைந்த பிறகு வந்து சண்டை போட்டார்.

மையத்தில் ஒரு அறையைத் துடைத்து வைத்துக்கொண்டு, தரையில் பத்துச் சாமானை எண்ணிப் போட்டு, மாமாவை உள்ளே விட்டுப் பார்த்தாள். ஒருநாள் அவரோடு பேசிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் கண்டுகொள்ளாமல் பத்திரிகை படித்தாள். ஒருநாள் வயிறு முட்டச் சாப்பிடவைத்துவிட்டு விட்டாள். ஒருநாள் துண்டு மடிக்கச் சொல்லி வேலை வாங்கினாள். ஒருநாள் அறையில் யாருமே இல்லை, டீச்சர் வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா நாளும் ஒரே கணக்கு. பத்தில் எட்டு வயிற்றுக்குள் போனது. யாரையும் ஓடிவர வைப்பதற்காக இல்லை, பசிக்கு இல்லை, வேலைக்குத் தப்பிக்க இல்லை. ரத்தத்தில் சத்து ஏதாவது குறைகிறதா என்று டாக்டரும் பார்த்துவிட்டார். எல்லாம் சரியாக இருந்தது. மேஜைமேல் வைத்த பட்டனை அவர் தொடவே இல்லை என்பது ஒன்றுதான் புதிதாகத் தெரிந்தது. தரையில் கிடந்தால் மட்டும்தான் எடுத்தார்.

“இதுல என்ன டீச்சர் ஆராய்ச்சி வேண்டிக்கெடக்கு? அந்த ஆளு படு வெவரம்” என்றாள் ஆயா. “பக்கத்துல நம்ம நின்னா ‘போ’ன்னு வெரட்டுவாரு. நம்மளும் பாவம், கோவமா இருக்காரேன்னு நகருவோம். அந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள முழுங்கிருவாரு.”

மையத்துப் பழைய நோட்டிலும் அப்படித்தான் இருந்தது. ‘உடன் இருப்பவரைப் போகச் சொல்லிவிட்டு விழுங்குகிறார்.’ பதினோரு வருஷமாக வேறு வேறு கையெழுத்தில் இதே வரி. மாமாவைத் திருட்டுப் பூனையாகவே முடிவு கட்டியிருந்தார்கள்.

டீச்சர் ஆயா சொன்னதை நம்பினாள். நம்பியபடியே வீட்டுக்குப் போய், கேமராவில் பதிவானதை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். அறையில் யாருமே இல்லாத நாள் அது. மாமா குனிகிறார், ஒரு பொய்ப் பட்டனை எடுக்கிறார், விரலுக்கு நடுவில் வைத்துத் திருப்பிப் பார்க்கிறார். உதடு அசைகிறது. ‘போ.’ அப்புறம் விழுங்குகிறார்.

டீச்சர் திரும்பப் போட்டாள். ‘போ.’ அடுத்த பட்டனுக்கும் ‘போ.’

காலி அறையில் இந்த மனுஷன் யாரைப் போகச் சொல்கிறார்? அதற்கப்புறம் அவள் மூளையில் வேறு எதுவும் ஓடவில்லை. மறுநாள் மையத்துக்கு வந்ததும் பென்சில் சீவிக்கொண்டே அதைத்தான் யோசித்தாள். சீவல் கை நிறைய ஆனதும் அதைப் போட இடம் தேடினாள். அறையில் குப்பைத்தொட்டி இல்லை. பக்கத்து அறையிலும் இல்லை. வராந்தாவில், சாப்பாட்டுக் கூடத்தில், கழிப்பறையில், எங்கேயும் இல்லை. வேலைக்காரர்கள் எல்லாரும் இடுப்பில் ஒரு துணிப்பையைக் கட்டிக்கொண்டு திரிவது ஏன் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“தொட்டியெல்லாம் எடுத்துப் பல வருஷம் ஆச்சு” என்றாள் ஆயா. “மாமா ஒருநாள் குப்பைத்தொட்டிக்குள்ள கையை விட்டுட்டு நின்னாரு. அதுலருந்து எடுத்துத் தின்றாருன்னு அன்னைக்கே எல்லாத்தையும் அள்ளிட்டாங்க.”

“அவர் தின்னதைப் பாத்தீங்களா?”

ஆயா யோசித்தாள். “கை உள்ள இருந்துச்சு. அதைப் பாத்தேன்” என்றாள்.

டீச்சர் பழைய நோட்டுகளை இறக்கித் தூசி தட்டினாள். தொட்டிகளை எடுத்த வருஷத்தைக் கண்டுபிடித்தாள். அதற்கு முந்தைய வருஷம் முழுக்க மாமா விழுங்கியது இரண்டே தடவை. தொட்டியை எடுத்த பிறகு வந்த முதல் மாதத்தில் மட்டும் ஆறு. பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தாள்.

அக்கா வீட்டுக்கு அவள் போனது ஒரு விடுமுறை நாள் மத்தியானம். வழுவழுவென்று வெறுந்தரை, சுவரில் ஒரு ஆணி இல்லை. மாமா தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகள், ரொட்டி. அக்கா எதிரே உட்கார்ந்து அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடு” என்றாள் அக்கா. மாமா ஒரு துண்டை எடுத்தார். “உள்ள போடு ராஜா.” மாமா வாயில் போட்டுக்கொண்டார். “எடு… உள்ள போடு.”

மூன்றாவது துண்டுக்கு அக்கா சொல்லுமுன்பே மாமாவின் உதடு அசைந்தது. “போ” என்று சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

டீச்சர் எழுந்து நின்றுவிட்டாள். ‘போ’ இல்லை. ‘போடு.’ பாதியை முழுங்கிவிட்டு மீதியைச் சொல்கிறார். இந்த மனுஷன் ஒருத்தரையும் விரட்டவே இல்லை. பதினோரு வருஷமாக ஒரு மையமே அவருக்குக் கோபம் என்று நினைத்து நகர்ந்து நின்றிருக்கிறது!

“அக்கா, இந்த மாதிரி சொல்லி ஊட்டறது எப்பலருந்து?”

“இவனுக்கு அஞ்சு வயசுல. அம்மா ஆஸ்பத்திரில படுத்துட்டாங்க. இவன் யார் குடுத்தாலும் தின்ன மாட்டான், துரும்பா எளைச்சுட்டான். எனக்குப் பன்னெண்டு வயசு. கையைப் புடிச்சு எடுக்கவெச்சு, வாய்கிட்ட கொண்டுபோயி, எடு, உள்ள போடுன்னு சொல்லிச் சொல்லியே பழக்குனேன். ஒருவாய் உள்ள போச்சுன்னா நான் ஊரையே கூட்டற மாதிரி கைதட்டுவேன். அப்புடித்தான் பொழைச்சான்.” சொல்லும்போது அக்காவின் முகத்தில் அத்தனை பெருமை. அதைப் பார்த்து டீச்சர் அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவள் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஆயாவிடம் கேட்டாள். “குப்பை பொறுக்கிப் போட மாமாவுக்கு யாராவது பழக்கியிருக்காங்களா?”

“யாராவதா? நான்தான் டீச்சர்!” என்றாள் ஆயா. “தொட்டி இருந்த காலத்துல இவரை மாதிரி வேலைக்காரர் கெடையாது. தரைல ஒரு துரும்பு கெடக்க விடமாட்டாரு. எடு, உள்ள போடு, எடு, உள்ள போடுன்னு ஒரே வாரத்துல சொல்லிக்குடுத்துட்டேன். எவ்வளவு சீக்கிரம் புடிச்சுக்கிட்டாரு தெரியுமா?”

ரொம்பச் சீக்கிரம் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் அவருக்கு ஏற்கெனவே தெரியுமே! தரையில் கிடப்பதை எடுக்க வேண்டும், எடுத்ததை உள்ளே போட வேண்டும். தொட்டி இருந்தவரை தொட்டிக்குள் போட்டார். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீதி இருந்த ‘உள்ளே’ அவருக்குத் தெரிந்தவரையில் ஒன்றே ஒன்றுதான்.

டீச்சர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆயா பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். “அப்ப அவரு வேலை செஞ்சுக்கிட்டு இருந்திருக்காரா? நான் அவரைத் திட்டாத திட்டு இல்லையே” என்றாள்.

அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. டீச்சர் சுற்றி வளைத்துச் சொன்னாள். அக்கா தையற்காரி, சுற்றி வளைத்துப் போனாலும் நூல் எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியும்.

“என் வார்த்தைதானா?” என்றாள். “ரெண்டு தடவை அவன் வயித்தைக் கிழிச்சாங்களே, அது என் வார்த்தையாலயா?”

“அப்படி நிச்சயமா சொல்ல முடியாதுக்கா. நான் யூகிக்கறேன், அவ்வளவுதான். உங்க வார்த்தையாலதான் அவர் உயிரோட இருக்கார். அதையும் சேத்துப் பாருங்க.”

“இனிமே வீட்ல நான் என்ன சொல்லணும்?” என்று கேட்டாள் அக்கா.

சரியான பதில் டீச்சருக்குத் தெரியும். ஒரு சொல்லை இரண்டு காரியத்துக்கு வைத்துக்கொள்ளக்கூடாது. மையத்தில் அது தொட்டிக்குப் போகப்போகிறது என்றால் தட்டுக்கு வேறு சொல் வேண்டும். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்தபோது அந்தச் சொல்லைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. “வீட்ல எப்பவும்போலவே சொல்லுங்கக்கா, பாத்துக்கலாம்” என்றாள். படித்தவள் செய்கிற தப்பா அது? ஆனால் செய்தாள்.

மறுவாரம் மையத்தில் அறைக்கு ஒன்றாக மஞ்சள் தொட்டி வந்தது. வாய் அகலம், உள்ளே கைவிட்டு எடுக்க முடியாத ஆழம், தரையோடு திருகி வைத்தது. டீச்சர் மாவுப் பட்டனைத் தரையில் போடுவாள். மாமா எடுப்பார். “உள்ள போடு” என்று தொட்டியைக் காட்டுவாள். கை வாய்ப் பக்கம் உயர்ந்தால் டீச்சரின் உள்ளங்கை குறுக்கே வந்து மெதுவாகத் தடுக்கும். ஆயா அவர் முழங்கையைப் பிடித்துத் தொட்டிப் பக்கம் திருப்புவாள். பட்டன் தொட்டியில் விழுந்து ‘டங்’ என்றதும் ஒரு சீவல் ஆப்பிள். நறுக்கென்று கடிபடும் எதுவும் மாமாவுக்கு உயிர்.

முதல் இரண்டு நாள் மாமா தொட்டியையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். நாலாம் நாள் ‘போ’ என்று சொல்லிக்கொண்டே தானாகப் போய்ப் போட்டார். ஆயா போட்ட கூச்சலில் மாடியிலிருந்து மேனேஜர் ஓடிவந்தார். இரண்டாவது வாரத்தில் பத்துக்கு ஏழு தொட்டிக்குப் போனது. டீச்சர் தரையில் நடக்கவில்லை, மிதந்தாள்.

பத்தொன்பதாம் நாள் யாரோ விருந்தாளியின் சட்டைப் பட்டன் படிக்கட்டில் விழுந்தது. அசல் உலோகப் பட்டன். படிக்கட்டில் தொட்டி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மாமா அதை எடுத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் தேடிவிட்டு விழுங்கிவிட்டார். எக்ஸ்ரேயில் பட்டனின் நாலு துளையும் தெளிவாகத் தெரிந்தது. அது தானாக வெளியே வரும்வரை மூன்று நாள் அக்கா வேலைக்குப் போகவில்லை, டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. வந்ததும் அதைக் கழுவி ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மேனேஜர் மேஜையில் வைத்த ஆயா, “பிரசவம் பாத்த மாதிரி இருக்குங்க” என்றாள். மேனேஜர் சிரிக்கவில்லை. “இன்னொண்ணு நடந்தா தொப்பிதான் டீச்சர்” என்றார்.

படிக்கட்டுக்கும் தொட்டி வந்தது. அதற்கப்புறம் மாமா ஒன்றுமே விழுங்கவில்லை. பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. ஆனால் மாமாவுக்கு இப்போது வேலையில் வெறி வந்துவிட்டது. தரையோடு நிறுத்திக்கொண்டவர் மேஜைக்கும் ஏறிவிட்டார். ஆயாவின் மூக்குக்கண்ணாடி, டிவி ரிமோட், மேனேஜரின் ரப்பர் ஸ்டாம்ப், யாரோ கழற்றி வைத்த பல்செட், எல்லாம் தொட்டிக்குள். எது காணாமல் போனாலும் முதலில் தொட்டியில் கைவிட முடியாமல் தலைகீழாக எட்டிப் பார்ப்பது மையத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது. “வாய்க்குப் போறதுக்கு இது தேவலை” என்று மேனேஜரே ஒருநாள் முனகினார்.

மூன்று மாதம் முடிந்த நாளில் கமிட்டி வந்தது. தலைவர் ஒருவர், கூட ஒரு டாக்டரம்மா. காலையில் மாமா பன்னிரண்டு சாமானைத் தரையிலிருந்து எடுத்துப் பன்னிரண்டையும் தொட்டியில் போட்டார். டாக்டரம்மா தலையை ஆட்டினாள். தலைவருக்குத் திருப்தி இல்லை. “நீங்க பக்கத்துல இருக்கீங்க, ஆப்பிள் தர்றீங்க, அதனால போடறார். பழக்கம் உள்ளுக்குள்ள அப்படியேதானே இருக்கும்? நாளைக்கே ஒரு ஊசியை முழுங்கினா யார் பதில் சொல்றது?” என்றார். தொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். மேனேஜர் அதை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்.

அதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. மற்ற நாளில் மையத்துச் சாப்பாட்டை ஆயா கரண்டியால் ஊட்டிவிடுவாள்; அன்றைக்கு அக்கா, தொட்டியே இல்லாத தன் வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு கொண்டுவந்திருந்தாள். கடைசியாக ஒரு வேளை அவர் முகத்தை வலை இல்லாமல் பார்த்துக்கொண்டு ஊட்டலாம் என்று நினைத்திருப்பாள். தட்டை அவர்முன் வைத்தாள்.

“எடு” என்றாள். மாமா எடுத்தார். “உள்ள போடு ராஜா.”

மாமா எழுந்தார். உருளைக்கிழங்கோடு மூன்றடி நடந்துபோய் மஞ்சள் தொட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அக்காவுக்குப் புரியவில்லை. “டேய், வாயில… எடு, உள்ள போடு” என்றாள் பதறி. மாமா இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டுபோய் அதையும் போட்டார். திரும்பி வந்து டீச்சரைப் பார்த்து ஆப்பிளுக்குக் கை நீட்டினார்.

“என்னம்மா இது, சாப்பாட்டையே கொட்டறார்!” என்றார் தலைவர்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். தப்பு யாருடையது என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “சார், நல்லா பாருங்க! பசியில இருக்கார். கையில இருக்கறது நெஜ சாப்பாடு, அவருக்குப் பிடிச்ச சாப்பாடு. சொல்றது அவரோட அக்கா, அஞ்சு வயசுலருந்து கேட்ட அதே வார்த்தை. அப்பக்கூட அவர் கை வாய்க்குப் போகலை, தொட்டிக்குப் போகுது! இதை நான் சொல்லிக்குடுக்கலை, யாருமே சொல்லிக்குடுக்கலை. இதுக்குமேல என்ன சார் பரீட்சை?”

தலைவர் மாமாவைப் பார்த்தார். மாமா மூன்றாவது துண்டைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். டாக்டரம்மா தொப்பியை எடுத்து மேனேஜரிடம் கொடுத்து, “இதைத் திருப்பி அனுப்பிடுங்க. எழுதிக்குடுக்கறேன்” என்றாள். தலைவர் மறுக்கவில்லை. ஆயா கூடத்துக்கு வெளியே ஓடிப்போய் ஒரு கத்து கத்திவிட்டு வந்தாள்.

அவர்கள் மாடிக்குப் போன பிறகு தட்டில் இன்னும் எட்டுத் துண்டு மிச்சம் இருந்தது. டீச்சர் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “அக்கா, நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரலை. தட்டுக்கு அந்த வார்த்தை இனிமே வேண்டாம்” என்றாள்.

“புரியுது” என்றாள் அக்கா. “சாப்பிடு ராஜா” என்று சொல்லிப் பார்த்தாள். மாமா வேறு யாரிடமோ சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தார். அவரிடம் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. “தின்னுடா” என்றாள். அதற்கும் ஒன்றும் இல்லை. மாமா ஒரு துண்டை எடுத்து விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அக்காவின் வாயையே பார்த்தார், அந்தச் சொல்லுக்காக. அக்கா உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டாள். முப்பத்தொன்பது வருஷமாகத் தினம் தினம் சொன்ன சொல், வாய்க்குள்ளேயே நின்றது.

மாமா காத்திருந்தார். தொட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து, யாரும் ஒன்றும் சொல்லாமலே, மாமா அந்தத் துண்டை வாயில் வைத்து மென்றார். உதடு அதற்குமுன் அசையவில்லை.

அக்கா கைதட்டப் போனாள், தட்டவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் சாப்பிடும்போது அவள் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. கண் எப்போதும் அவர் விரலில் இருக்கும், கை எப்போதும் பாதி நீட்டியபடி இருக்கும். இப்போது இரண்டு கையும் சும்மா மடியில் கிடந்தன. அவள் அவர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நிதானமாக மென்றாள்.

“ஏன்டா ராஜா, இதுல உப்பே இல்லையேடா!” என்றாள்.

மாமா அடுத்த துண்டை எடுத்தார்.